சொல்ல வேண்டாம் என்றாய், சொல்லிவிட்டேன்

செழியா,

இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். வேலை நேரத்தில் திறக்காதே. ரூமுக்குப் போய், குளித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. பயப்பட ஒன்றும் இல்லை, எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. விஷயம் வேறு. போன ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் பேராவூரணிக்குப் போய், வினோதினி வீட்டில் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததையும், இடது மார்பை எடுத்துவிட்டதையும், இன்னும் மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லிவிட்டு வந்தோம். கல்யாணம் முடிகிற வரைக்கும் சொல்ல வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டாய். சரி என்று தலையாட்டியவள் நான்தான். ஆட்டிவிட்டு மீறினேன். கோபம் வரும். வரட்டும். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததிலிருந்து சொல்கிறேன். மண்டபத்தில் தட்டு மாற்றி முடிந்து எல்லோரும் பந்திக்கு எழுந்தபோது வினோதினியின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். முழுக்கை ரவிக்கை போட்டிருந்தும் மணிக்கட்டில் அந்த உறையின் விளிம்பு வெளியே தெரிந்துவிட்டது. கை வீங்காமல் இருக்க இடது கையில் நான் போடுகிற தோல் நிற உறை, உனக்குத் தெரியும். "கையில என்னங்க சம்பந்தி, கட்டு மாதிரி இருக்கு?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பின்னாலிருந்து, "ஸ்கூட்டியிலேர்ந்து விழுந்துட்டாங்க அத்தை, நரம்பு பிசகிடுச்சு" என்றாய். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நானும், "ஆமாங்க, இப்பப் பரவாயில்லை" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. பிறகு மண்டபத்துப் படி இறங்கும்போது வினோதினி ஓடிவந்து, என் இடது முழங்கையை அழுத்தாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். விழுந்து அடிபட்ட கை என்று நினைத்து, கார் வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தாள். வீடு வந்து சேரும்வரை எனக்கு அந்த இடம் கூசிக்கொண்டே இருந்தது.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு முன்னால் பேசிய மன்னார்குடி இடம் ஏன் நின்றது என்று நீ அப்பாவிடம் சொன்னது, சமையல்கட்டில் நின்ற என் காதிலும் விழுந்தது. "பையன் நல்ல பையன்தான், ஆனா அம்மாவுக்கு அந்த நோயாமே" என்று தரகரிடம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்களாம். எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் நீ குரலைத் தாழ்த்திப் பேசினாய். பிறகு உள்ளே வந்து, ஒன்றும் நடக்காதவன் போலத் தோசைக்குச் சட்னி கேட்டாய். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த பாசத்தை எழுதத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். பேசாமல் சட்னியை எடுத்து வைத்தேன். நீ ஒரு பக்கம் மறைக்க, நான் ஒரு பக்கம் மறைக்க, இந்த வீட்டில் அது பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் நான். அதைச் சொல்லாமல் உன்னைக் கண்டிக்க எனக்கு வாயில்லை.

உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், முழுதாக நான் சொன்னதில்லை. அந்த வருஷம் ஆடி மாதம், ஆற்றில் தண்ணீர் வந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். குளிக்கும்போது இடது மார்பில், அக்குள் பக்கமாக, ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவுக்குக் கையில் தட்டியது. வலி இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பெண்களை உட்கார வைத்து, "மாசா மாசம் தூரம் நின்னு நாலஞ்சு நாள் கழிச்சு நீங்களே தடவிப் பாருங்க, வலிக்கிற கட்டியைவிட வலிக்காத கட்டிக்குத்தான் பயப்படணும்" என்று சொல்லிக்கொடுக்கிற நர்ஸ் நான். முப்பது வயது தாண்டியவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது என் வேலை. வராதவர்களை வீட்டுக்கே போய்த் திட்டுவேன். அப்படிப்பட்டவள் ஈரத் துணியோடு குளியலறையில் நின்று, இது கொழுப்புக் கட்டி என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அப்புறம் காரணங்களாகக் கண்டுபிடித்தேன். உனக்குக் கடைசி வருஷம், கேம்பஸ் இன்டர்வியூ வந்துகொண்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, எங்களுக்குக் காய்ச்சல் முகாம். உங்கப்பாவுக்கு மழைக்காலத்தில் லைன்மேன் வேலையில் லீவு ஏது, கம்பம் சாய்ந்தால் ஓட வேண்டும். தை வரட்டும் என்றேன், தை வந்ததும் பொங்கல் என்றேன். உண்மையான காரணம் இவை எதுவும் இல்லை. என் வேலையில், முற்றிப்போன பிறகு வந்த இரண்டு பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்ததனால்தான் எனக்குப் பயம் அதிகமாக இருந்தது. பரிசோதனை செய்யாதவரைக்கும் அது வெறும் கட்டி. போய்ப் படுத்துவிட்டால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும். ஏழு மாதம் இப்படியே ஓட்டினேன். அதற்குள் அது எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது. உங்கப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சின்னப்பொண்ணு. உனக்கு அவளை நடவு ஆளாகத்தான் தெரியும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி இருந்து, வரமாட்டேன் என்றவளை மூன்று நாள் விடாமல் போய் இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்கு அது ஒன்றுமில்லாத கட்டியாகப் போயிற்று. மாசி மாதம் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள், மகளின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். எடை போட நான் வாங்கும்போது குழந்தை தலையை என் மார்பில் முட்டியது. வலிக்கவில்லை. ஆனால் என் கை தானாகப் போய் மறைத்தது. சின்னப்பொண்ணு அதைப் பார்த்துவிட்டாள். எல்லோரும் போன பிறகும் அவள் போகவில்லை. கதவைச் சாத்தினாள்.

"காட்டுங்க நர்சம்மா."

"என்னத்தைக் காட்டச் சொல்றே?"

"எனக்கு நீங்க பார்த்தீங்கள்ல. இப்ப நான் பார்க்கறேன்."

நான் மறுத்தேன், அதட்டினேன். அவள் அசையவில்லை. கடைசியில் ரவிக்கைக் கொக்கியைக் கழற்றினேன். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே மூன்று விரலைச் சேர்த்து வைத்து, வட்டமாகத் தடவினாள். ஒரே இடத்தில் கை நின்றுவிட்டது.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஆடியிலேர்ந்து."

"என் வீட்டு வாசல்ல மூணு நாள் நின்னீங்களே நர்சம்மா" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அவள் உளுந்து பறிக்கிற வேலையை விட்டுவிட்டு, காலை முதல் பஸ்ஸில் என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேமோகிராம் எடுக்கிற அறைக்கு வெளியே என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. அன்றைக்குத்தான் உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் "ஓ" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு முழுக்க அவர் ஒரு கம்பத்திலும் ஏறவில்லை, கை நடுங்குகிறது என்று கீழேயே நின்றார் என்பதை அவரோடு வேலை பார்ப்பவர் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். உங்கப்பா அதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் அந்த ஒரு வாரம் அவரை அப்படி வெறுத்திருக்க மாட்டேன். பார், இதுவும் மறைத்ததுதான்.

பங்குனியில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் என்றார் டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, சிவப்பு நிற மருந்து. மருந்து ஏறிய அன்றும் மறுநாளும் ஒன்றும் செய்யாது, மூன்றாம் நாள் அடித்துப் போட்டதுபோல இருக்கும். வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இரும்பை நக்கினதுபோல இருக்கும். இரண்டாவது தடவைக்கு முன்னாலேயே தலை சீவினால் கொத்துக் கொத்தாக வந்தது. ஒருநாள் உங்கப்பாவை விட்டே முழுக்க மழித்துக்கொண்டேன். வைகாசியில் நீ பரீட்சை முடித்துவிட்டு வந்து நின்றாய். என் தலையைப் பார்த்து, "என்னம்மா இது?" என்றாய். நான் அதற்கு முன்னாலேயே யோசித்து வைத்திருந்தேன். "வேண்டுதல்டா. முடி காணிக்கை கொடுத்தேன்" என்றேன். "என்ன வேண்டுதல்?" என்றாய். "உனக்கு நல்ல வேலை கிடைக்கணும்னு."

இருபத்தொரு வயதுப் பையன், அந்த இடத்திலேயே உன் கண் கலங்கியது. என் தலையைத் தொட்டுப் பார்த்தாய். உன் சிநேகிதர்களிடமெல்லாம் போனில், "எங்கம்மா எனக்காக மொட்டை போட்டிருக்காங்கடா" என்று சொன்னாய். உள் அறையில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டேன். எழுந்து வந்து சொல்லியிருக்கலாம். களைப்பு என்று ஒரு சாக்கு இருந்தது, திரும்பிப் படுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் கடைத்தெருவில் சின்னப்பொண்ணு உன்னைப் பார்த்து, பிள்ளைக்குத் தெரியும் என்று நினைத்து, "அம்மாவுக்கு அடுத்த மருந்து என்னைக்குத் தம்பி?" என்று கேட்டுவிட்டாள். நீ வீட்டுக்கு வந்து என் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். கத்தவில்லை. "எனக்காகன்னு ஏம்மா சொன்னே? வேற எதையாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். நான் உன் பரீட்சை, உன் வேலை என்று என்னென்னவோ சொன்னேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அது கெட்ட பொய், செழியா. என் பயத்தை மறைக்க உன் தலையில் ஒரு நன்றிக்கடனை ஏற்றி வைத்தேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததை நான் மறக்கவில்லை. வாயில் எதுவும் வைக்க முடியாதபோது, புளித்த மோரில் சாதத்தைக் குழைத்து, உப்பைக் குறைத்து, எது இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாய். ஐப்பசியில் ஆபரேஷன் முடிந்து, அக்குளில் குழாயும் பாட்டிலுமாக வீட்டுக்கு வந்தபோது, எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று நீயே தெரிந்துகொண்டு, அறைக்கு வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவாய். கட்டுப் பிரித்த அன்று நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. எட்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். நேராக ஒரு தழும்பு, தட்டையாக. நான் நினைத்து வைத்திருந்ததைவிட எளிமையாக இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு பசித்தது. மார்கழியில் தினமும் கதிர்வீச்சுக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். அதையும் முடித்துக்கொடுத்துவிட்டு, மாசியில்தான் நீ சிங்கப்பூருக்குப் போனாய்.

நீ போன பிறகு நடந்தவை சிலவற்றைப் போனில் நான் சொன்னதில்லை. மருந்தினால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று, நகம் கறுத்தது. வேலைக்குத் திரும்பியபோது, கைக்குழந்தையின் தொடையைப் பிடித்து ஊசி போட எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிடி இறுக்கமா தளர்வா என்றே தெரியாது. நாலு மாதம் பக்கத்துச் சென்டர் நர்ஸ் வந்துதான் போட்டார்கள், நான் அட்டை எழுதினேன். வீட்டில் உளுந்தையும் பயறையும் கலந்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி விரலால் பிரித்துப் பிரித்துப் பழகினேன். மெள்ள மெள்ள வந்தது, இன்னும் கால் விரலில் வரவில்லை. இடது கையில் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும், தடுப்பூசிப் பெட்டியை அந்தக் கையால் தூக்கினேன். அன்றைக்கு வீங்கியதற்குத்தான் இந்த உறை. அது என் தப்பு. இப்போது சாப்பிடுகிற மாத்திரைக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், காலையில் எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். பத்து நிமிஷம் நடந்தால் விட்டுவிடும்.

சிரிக்கிற மாதிரியும் ஒன்று நடந்தது. ஆரம்பத்தில் ரவிக்கைக்குள் வைக்க நானே ஒரு பருத்திப் பை தைத்து, கனத்துக்குப் பச்சைப் பயறு போட்டுக்கொண்டேன். நீ போன பிறகு வந்த கார்த்திகை மழையில் ஸ்கூட்டியில் நனைந்து வந்தவள், அதைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மறந்துபோனேன். வெயிலே இல்லாத மூன்று நாள். நாலாம் நாள் உங்கப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "முளை விட்டிருக்கு பார், சுண்டல் பண்ணிடலாமா?" என்றார். நோய் வந்த பிறகு அவர் என் உடம்பைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. இருவரும் சிரித்துச் சிரித்து எனக்குத் தழும்பு இழுத்தது. அன்றையிலிருந்துதான் அவர் என் தழும்புக்கு எண்ணெய் தடவிவிடுகிறார். அதற்கு முன்னால் பார்க்க மாட்டார், நானும் காட்ட மாட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம். கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வினோதினி நாளைக்கு உடம்பில் ஒன்று என்று சொன்னால், நல்ல நாள், லீவு எல்லாம் பார்க்காமல் அன்றைக்கே கிளம்பு. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அவளிடமே சொல்.

பேராவூரணிக்கு வருகிறேன். "பையன் கேட்டுக்கிட்டான்ல" என்று உங்கப்பா இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சட்டையை எடுத்து மாட்டினார். வினோதினியின் அப்பா தோப்பில் இருந்தார், தகவல் போய் வந்தார். புயலில் பாதி மரம் போய், இப்போதுதான் கன்று வைத்துத் தேற்றியிருக்கிறாராம். தலைமை ஆசிரியராக இருந்தவர் இல்லையா, நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. வினோதினி பள்ளிக்கூடத்தில் ஏதோ விழா என்று போயிருந்தாள்.

"இப்ப எப்படி இருக்குங்க?" என்று கேட்டார்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போறேன். போன தடவை வரைக்கும் ஒண்ணும் இல்லை. முழுக்கப் போயிடுச்சான்னு கேட்டா டாக்டர் தொடர்ந்து வாங்கன்னுதான் சொல்றார். நிச்சயத்தன்னைக்கே சொல்லியிருக்கணும். விழுந்துட்டேன்னு சொன்னது பொய்."

அவர் கொஞ்ச நேரம் தோள் துண்டைத் தடவிக்கொண்டிருந்தார். "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்றார். முகம் கொடுத்துப் பேசினார், ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கிளம்பும்போது வினோதினியின் அம்மா கேட் வரைக்கும் வந்தார்கள். உங்கப்பா நாலடி முன்னால் போனதும் என் கையைப் பிடித்து, "எனக்கு அம்பத்திரண்டு ஆகுதுங்க. நான் ஒரு தடவைகூடப் பார்த்துக்கிட்டதில்லை. எங்க போகணும்?" என்று கேட்டார்கள். அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் அங்கிருந்தே எழுதிக் கொடுப்பார்கள் என்று சொன்னேன். பட்டுக்கோட்டையில் உங்கப்பாவும் நானும் பஸ் மாற இறங்கினோம். அங்கே டீ குடிக்கும்போது, "சொன்னது நல்லதுதான்" என்றார்.

திங்கள், செவ்வாய், போன் வரவில்லை. நீ இரண்டு நாளும் கூப்பிட்டாய், நான் மழை, நடவு என்று பேசினேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். பத்தரை மணிக்கு நிமிர்ந்து பார்த்தால், குழந்தையோடு காத்திருக்கிற பெண்களுக்கு நடுவில் வினோதினி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, தனியாக வந்திருக்கிறாள். "முடிச்சுட்டு வாங்க அத்தை, அவசரமில்லை" என்றாள். பன்னிரண்டு மணி வரைக்கும் இருந்தாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, கேள்விகளை எழுதிக்கொண்டு வந்த மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கணக்கு டீச்சர் இல்லையா.

பரம்பரையாக வருமா என்று கேட்டாள். சில குடும்பங்களில் வரும், எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை, உங்களுக்குப் பெண் பிறந்தால் சீக்கிரமே பார்க்க ஆரம்பிக்க வேண்டும், அதை டாக்டரிடம் சேர்ந்தே கேட்டுக்கொள்ளலாம் என்றேன். வலித்ததா என்று கேட்டாள். எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டாள். சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, கைக்குட்டையை மடித்துக்கொண்டே,

"விழுந்தீங்கன்னு அவர் சொன்னப்ப, அவருக்கு இது தெரியுமா அத்தை?" என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு வழி இருந்தது. நான்தான் சொல்லச் சொன்னேன் என்று என்மேல் போட்டுக்கொண்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "தெரியும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "எப்படி விழுந்தாங்கன்னு அப்புறம் ஒருநாள் போன்ல கேட்டேன். மழை பேஞ்சிருந்துச்சு, மாடு குறுக்கே வந்துச்சுன்னு சொன்னார். செவலை மாடுன்னார். தினமும் அரை மணி நேரம் பேசறோம் அத்தை. அன்னைக்கு முழுக்க அந்த மாட்டைப் பத்தித்தான் பேசியிருக்கோம்."

மடித்த கைக்குட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நோய் யாருக்கு வேணாலும் வரும். எங்கப்பாகிட்ட நான் அதைப் பேசிட்டேன், அவருக்கும் அதுல ஒண்ணுமில்லை. நாளைக்கு எனக்கு ஒண்ணு வந்தா, என்னையும் மாடு முட்டிடுச்சுன்னு நாலு பேர்கிட்ட சொல்லிட்டிருப்பாரா?"

மன்னார்குடி இடத்தைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினேன். கையமர்த்தினாள். "அது அவர் சொல்லட்டும்" என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று உன்னிடம் சொல்லலாமா என்று கேட்டேன். யோசித்தாள். "சொல்லுங்க. நானா கேட்க மாட்டேன். அவரா சொல்லட்டும், எப்படிச் சொல்றார்னு பார்க்கறேன்." பன்னிரண்டே முக்கால் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவள் சாப்பிடக்கூட இல்லை. ஏறும்போது என் இடது முழங்கையைத் தொட்டுவிட்டுத்தான் ஏறினாள்.

நடந்தது இவ்வளவுதான். கல்யாணம் நிற்கவில்லை. நடக்கும் என்றும் என்னால் சொல்ல முடியாது, அது இப்போது உன் கையில் இருக்கிறது. அவளைக் கூப்பிடு. அம்மாவுக்காகத்தான் மறைத்தேன் என்று ஆரம்பிக்காதே. நான் உனக்காக என்று சொன்னபோது அது எப்படி வலித்தது என்று உனக்குத் தெரியும். மன்னார்குடிக்காரர்கள் சொன்னது உன்னை எவ்வளவு அடித்தது, அவளும் போய்விடுவாளோ என்று எப்படிப் பயந்தாய், அதைச் சொல். மாடு இல்லை என்பதையும் உன் வாயால் சொல். அவள் பேசாமல் இருந்தால் போனை வைத்துவிடாமல் நீயும் சும்மா இரு. அவளுக்குப் பள்ளிக்கூடம் நாலரைக்கு விடுகிறது, வீட்டுக்குப் போய் முகம் கழுவ ஐந்தரை ஆகும். உனக்கு எட்டு மணி. என்ன பேசினாய் என்று நான் கேட்க மாட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு ஆறு மாதச் செக்கப். வலது பக்கம் மேமோகிராமும் எடுக்க வேண்டும். ரிசல்ட் அன்றைக்கு மாலையே வந்துவிடும் என்றார்கள். எது வந்தாலும், படித்த கையோடு முதலில் உன்னைக் கூப்பிட்டு அப்படியே வாசித்துக் காட்டுகிறேன். போனைப் பக்கத்தில் வைத்திரு.

அம்மா